கசத்துக் கெளுத்தி: கரிசல் காட்டுத் தூண்டில்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதூர், நாகலாபுரம், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களிலிருந்து மாசி, பங்குனி மாதங்களில் தாமிரபரணிக் கரைக்குத் தூண்டில் கொண்டு செல்வோர் பார்வைக்கு:

கரிசல் மண்ணில் பிறந்தவர் ஆற்றுமீன் பிடிக்க ஊரைவிட்டு வெளியே போகவேண்டியிருப்பதற்கு இந்நிலத்தின் அமைப்பே காரணம். புதூர் வட்டாரத்துக்கு ஆறு என்று சொல்லிக்கொள்ள இருப்பது வைப்பாறு ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, சாத்தூர், இருக்கன்குடி வழியாக வந்து, விளாத்திகுளத்தைத் தொட்டுக்கொண்டு மன்னார் வளைகுடாவில் சேரும் அந்த ஆறு, ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் கலங்கலாகப் பெருகி ஓடிவிட்டு, தை முடிவதற்குள் மணலும் சீமைக் கருவேல மரமுமாகக் கிடக்கிறது. மாசியில் அந்த மணலில் ஊற்றுத் தோண்டினால் ஒரு குடம் தண்ணீர் கிடைக்கலாம். தூண்டில் முள் மறையும் அளவுக்கு நீர் கிடைக்காது. ஆகவே கரிசல் காட்டுத் தூண்டில்காரர், கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தெற்கே இருக்கும் திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து தாமிரபரணியின் போக்கில் மேலும் கீழும் இடம் தேடுகின்றனர். அவர்கள் அங்கே அந்நியர் என்றும் சொல்லிவிட முடியாது. கோவில்பட்டி நகரம் குடிப்பது, சீவலப்பேரியிலிருந்து குழாயில் ஏறிவரும் அதே தாமிரபரணித் தண்ணீரைத்தான்.

அவர்கள் செல்லும் பருவத்தைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் வசந்தத் தொடக்கம் கெளுத்தி வேட்டைக்கு உகந்த காலமாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணம், குளிர்காலம் முழுவதும் ஆழ்பள்ளங்களில் அடைந்து பெரும்பாலும் இரை எடுக்காமல் கிடக்கும் அந்நாட்டுக் கெளுத்திகள், பனி உருகி ஆறு பெருகி நீர் வெதுவெதுப்பாகத் தொடங்கியதும் பசியோடு வெளியே வருவதுதான். அங்கே அது விரிவின் பருவம். இங்கே நிலைமை நேர் எதிரானது: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர் தெளிந்து, நாள்தோறும் ஒரு விரல் அளவு இறங்கிக்கொண்டே வரும் சுருக்கத்தின் பருவம் இது. பிசானம், அதாவது ஐப்பசி வாக்கில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாகும் நெல் சாகுபடி, முடிந்ததும் அணைத் தண்ணீர் குறைக்கப்படும்போது ஆறு இன்னும் ஒடுங்கிவிடுகிறது. குளிர்நாட்டுக் கெளுத்தி பசியால் வெளியே வருகிறது என்றால், தாமிரபரணிக் கெளுத்தி நீர் போதாமையால் உள்ளே ஒதுங்குகிறது. தூண்டில் பிடித்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம், ஏனென்றால் இரண்டு இடத்திலும் மீன் அகப்படுகிறது; ஆனால் அகப்படும் மீனின் நிலைமை ஒன்றல்ல.

அவை ஒதுங்கும் இடத்துக்கு ஆற்றோரத்து மக்கள் வைத்திருக்கும் சொல் கசம். ஆற்றின் நடுவிலோ வளைவிலோ, பாறையில் மோதித் திரும்பும் வெள்ளம் பல காலமாக அரித்து உண்டாக்கிய ஆழக்குழியே கசம் எனப்படுகிறது; மடு என்ற இலக்கியச் சொல்லும் ஏறக்குறைய இதனையே குறிக்கும். பாபநாசத்திலிருந்து கீழே வரும் வழியில் பாறை துருத்திய இடங்கள் பல உண்டு. திருநெல்வேலி நகரத்தருகே குறுக்குத்துறையில் முருகன் கோயிலே ஆற்றுப்பாறைமேல்தான் நிற்கிறது, வெள்ளம் வந்தால் நீருக்குள்ளேயே இருக்கிறது. இத்தகைய பாறைக்கு முன்புறம் நீர் மோதி வெண்மையாக நுரைக்கும். பின்புறம் நீர் சுழன்று, அசைவு குறைந்து, கரும்பச்சையாகத் தெரியும். நுரைக்கும் நீருக்கும் கரும்பச்சை நீருக்கும் இடையே கோடு கிழித்தாற்போல ஒரு விளிம்பு உண்டு. ஆறு அடித்துவரும் பூச்சி, புழு, அழுகிய பழம், சோற்றுப் பருக்கை எல்லாம் அந்த விளிம்பில் வேகம் குறைந்து கீழே இறங்குகின்றன. கெளுத்தி பகலில் பாறையின் அடிக்குடைவில் கிடந்து, பொழுது சாயும் நேரத்தில் அந்த விளிம்புவரை மட்டுமே வந்து இரை எடுத்துத் திரும்புகிறது. இதைக் கண்டுகொண்டவர் நடு ஆற்றுக்குத் தூண்டிலை வீசிக் கை சலிக்கவேண்டியதில்லை. கரையிலிருந்து ஒரு கம்பின் நீளத்துக்குள்ளேயே காரியம் முடிந்துவிடும்.

கெளுத்தி என்ற பெயர் ஒரே மீனைக் குறிப்பதன்று. செதில் இல்லாத வழுவழுப்பான தோலும், வாயைச் சுற்றி மீசையும், முதுகிலும் இரு கன்னத்துப் பக்கங்களிலும் முள்ளும் உடைய மீன்களின் பெருங்குடும்பத்தில், ஒரு சாணுக்கு மேல் வளர்வது அரிதாகிய, நான்கு சோடி மீசையுள்ள சிறு வகைகளையே தென்மாவட்டத்தார் பெரும்பாலும் கெளுத்தி என்கின்றனர். ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து, வாயைத் திறந்தால் பல் வரிசை தெரியும் ஆற்றுவாளையும், மூச்சு எடுக்க நீர்மட்டத்துக்கு வந்துபோகும் தேளியும் அதே பெருங்குடும்பத்தின் உறவுகள். இவற்றுக்கு அறிவியல் உலகில் பெயர் கிடைத்ததிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கு இருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் அனுப்பிய மீன்களை வைத்துத்தான் பெர்லின் மருத்துவர் மார்க்குஸ் எலீசர் பிளாக் பல தமிழக மீன்களை விவரித்தார். வரிக்கெளுத்தியும் தேளியும் 1794இல் அவருடைய நூலில் தரங்கம்பாடி மீன்களாகவே இடம்பெற்றன. ஆற்றுவாளைக்கு 1801இல் கிடைத்த 'அட்டு' என்ற பின்பெயர், பேச்சுத்தமிழின் 'ஆத்து' என்பது கடல் கடந்து போய் லத்தீன் உடை உடுத்தியதே என்று கருதப்படுகிறது. சீவலப்பேரியின் பழம்பெயர் முக்கூடல் என்பதையும், அவ்வூரைப் பாடும் முக்கூடற்பள்ளு நெல்லுக்கும் மாட்டுக்கும் பட்டியல் போட்டதுபோல மீனுக்கும் பட்டியல் போட்டிருப்பதையும் இதனோடு சேர்த்து நினைக்கலாம். ஜெர்மானியர் எண்ணுவதற்கு முன்பே பள்ளுப் புலவர் எண்ணிவிட்டார்.

கெளுத்திக்குக் கண் பெரிய துணையன்று. அதன் மீசையில் மட்டுமன்றி உடல் தோல் முழுவதிலும் சுவை உணரும் மொட்டுகள் பரவியிருப்பதால், கெளுத்தி என்பது நீந்தித் திரியும் ஒரு நாக்கு என்று சொன்னால் மிகையாகாது. மேலும் அதன் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று இருந்து, நீரில் எழும் அதிர்வைச் செவிக்குக் கடத்துகிறது. பாறைமேல் செருப்போடு தொப்புத் தொப்பென்று நடப்பவருக்கும், கைப்பேசியில் பாட்டு வைத்துப் பாறைமேல் சாய்த்து வைப்பவருக்கும் கெளுத்தி ஏன் அகப்படுவதில்லை என்பதற்கு இதுவே விடை. இரைக்கு மண்புழுவே போதும். கோழிக்குடல் நாற்றத்தால் தொலைவிலிருந்து இழுக்கும், ஆனால் சிறு முள்ளை மறைத்துவிடும். வாளை பழத்தைக்கூட விடாது என்பதற்குக் குறுந்தொகையின் 8ஆம் பாடலில் ஆலங்குடி வங்கனார் காட்டும், மாமரத்திலிருந்து உதிரும் கனியைக் கவ்வும் குளத்து வாளையே சான்று.

தக்கை, அதாவது இரை எந்த ஆழத்தில் நிற்கவேண்டும் என்று நிறுத்தி, மீன் தொட்டதைக் காட்டிக்கொடுக்கும் மிதப்பு, கரிசல் காட்டார் கையில் பெரும்பாலும் காய்ந்த சோளத்தட்டைத் துண்டுதான். கடையில் வாங்கும் வண்ணத் தக்கையைவிட இது கெளுத்திக்கு நன்று என்பதைக் கவனித்துப் பார்த்தவர் மறுக்கமாட்டார். கெண்டை கொத்தினால் தக்கை துள்ளும், துள்ளி நிற்கும், மறுபடி துள்ளும். கெளுத்தி அப்படிச் செய்வதில்லை. செங்குத்தாக நின்ற தட்டைத் துண்டு முதலில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, சாய்ந்தபடியே ஓசையில்லாமல் பாறையை நோக்கி நகர்கிறது, நகர்ந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்கிறது. மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது பொருள். அது குடைவுக்குள் நுழைந்துவிட்டால் கன்னத்து முள்ளை விரித்துப் பாறையில் அண்டைகொடுத்து நின்றுகொள்ளும். பிறகு தங்கூசி நரம்புதான் அறும். ஆகவே சாய்ந்து நகரத் தொடங்கிய நொடியில், வெட்டி இழுக்காமல், கம்பை நிதானமாக மேலே தூக்குவதே முறை.

இம்மடல் எழுதப்படுவதற்குக் காரணமான செய்தி இனிமேல்தான் வருகிறது. கரிசல் காட்டு மக்களுக்கு மீன்பிடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கண்மாய். மழைக்காலத்தில் நிறைந்து, மறுகால் பாய்ந்து, மாசிக்கு மேல் முழங்கால் நீராகச் சுண்டிவிடும் கண்மாயில், மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் வலைபோட்டு எடுத்தது போக, மீதியை ஊரே இறங்கி ஊத்தாவாலும் வேட்டி சேலையாலும் வெறுங்கையாலும் அள்ளிவிடுவது வழக்கம். ஊத்தா என்பது அடி அகன்று வாய் குறுகிய, குத்திக் கவிழ்த்து மேல்வழியாகக் கையை விட்டு மீனை எடுக்கும் கூடை. கண்மாய் அழித்தல் என்று பெயர் பெற்ற இந்த வழக்கத்தில் குற்றம் ஒன்றுமில்லை, நியாயமே இருக்கிறது. இன்னும் இருபது நாளில் அந்தத் தரை காய்ந்து, கரிசலுக்கே உரிய முறையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டுவிடும். சேற்றுக்குள் புதைந்து உயிர் பிடித்துக்கொள்ளும் விரால், தேளி போன்ற சிலவற்றைத் தவிர, எடுக்காமல் விட்ட மீன் கொக்குக்கும் பருந்துக்கும் போகும், இல்லையேல் நாறும். அடுத்த மழையில் ஓடைவழி புதுமீன் ஏறிவரும். குத்தகைக்காரர் குஞ்சு விடுவார். கடைசி மீன்வரை எடுப்பது அங்கே சிக்கனம்.

ஆற்றுக் கசத்தில் அதே பழக்கம் அழிவாகிறது. கசம் வற்றுவதில்லை என்பதால்தான் மீன் அங்கே ஒதுங்குகிறது. மாசியில் ஒரு கசத்தில் கிடக்கும் கெளுத்தியும் வாளையும், அந்தக் கசத்துக்கு மேலும் கீழும் உள்ள நெடிய ஆற்றுப்பகுதியிலிருந்து சுருங்கி வந்து சேர்ந்தவை. மழை வந்து ஆறு விரியும்போது அத்தனை தூரத்துக்கும் பரவி முட்டையிடவேண்டியவையும் அவையே. விதைநெல்லைத் தனியே பானையில் கட்டி வைத்திருக்கும் வீட்டுக்குப் போனவர், பானை நிறைய நெல் கண்டேன் என்று மகிழ்ந்து உலையில் போட்டதுபோன்ற காரியம்தான் ஒரு கசத்தைத் துடைத்தெடுப்பது. ஒரே பாறையில் ஒரு மாலைக்குள் முப்பது கெளுத்தி கிடைத்தது என்று படம் பிடித்துக் காட்டப்படும்போது, அது ஆற்றின் வளத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. உண்மையில் அது ஆற்றின் நெருக்கடிக்குச் சான்று. மீன் அதிகமாக இருப்பதால் அல்ல, இடம் குறைந்துபோனதால் அவை அவ்வளவு எளிதாக அகப்படுகின்றன.

இது உலகில் வேறெங்கும் அறியப்படாத சிக்கலன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பாறைக்குடைவுக்குள்ளும் மரப்பொந்துக்குள்ளும் வெறுங்கையை விட்டுப் பெருங்கெளுத்தியை வாயோடு பற்றி இழுக்கும் பழக்கம் உண்டு. ஆற்றுக் குடைவில் தடவிப் பிடிக்கும் நம்மூர் வழக்கத்துக்கு அது தம்பி. முட்டையைக் காத்துக் கிடக்கும் மீனே அப்படி மிகுதியும் அகப்படும் என்பதால் மிசூரி மாநிலம் அதனைத் தடைசெய்திருந்தது. 2005இல் சோதனையாகச் சில ஆறுகளில் திறந்துவிட்டு, 2007இல் மறுபடி மூடிக்கொண்டது. ஒதுங்கிய மீனைப் பிடிப்பது திறமையைப் பொறுத்ததன்று, அதன் இருப்பிடம் தெரிவதைப் பொறுத்ததே என்பதை அவர்களும் கண்டுகொண்டனர் போலும்.

தோட்டா போடுவதைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை, ஏனென்றால் அதைச் செய்பவர் தூண்டில்காரர் அல்லர். ஆயினும் கந்தகமும் வெடிமருந்தும் பழக்கப்பட்ட தொழில் வட்டாரத்திலிருந்து வருவோர்மீது ஆற்றங்கரையில் அந்த ஐயம் எளிதில் விழுகிறது என்பதால் சட்டத்தைச் சொல்லிவைப்பது நல்லது. சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்து மீன் ஆய்வாளராக மாறிய பிரான்சிஸ் டே, 1873இல் இந்தியாவின் நன்னீர் மீன்வளம் பற்றி அளித்த அறிக்கையில், குஞ்சும் சினைமீனும் வரைமுறையின்றி அழிக்கப்படுவதைப் பக்கம் பக்கமாகப் பதிவுசெய்தார். அவர் கவலைப்பட்டு ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து வந்த 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வெடிவைத்து மீன் பிடிப்பதையும், 5ஆம் பிரிவு நீரில் நஞ்சு கலந்து பிடிப்பதையும் குற்றமாக்கின. கசத்தில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டு மீன் மிதந்து வரக் காத்திருப்பதும் நஞ்சு கலப்பதே. அந்தத் தண்ணீரைக் கீழே ஓர் ஊர் குடிக்கிறது என்பது வேறு.

பிடிபட்ட மீனைக் கையாளும் முறைக்குச் சற்று இடம் கொடுக்கலாம். கெளுத்தியின் முதுகு முள்ளும் இரு கன்னத்து முட்களும் விரிந்தால் அடிமூட்டில் பூட்டிக்கொள்ளும். மீன் தானாக மடக்கினாலன்றி எளிதில் மடங்கா. கையில் எடுத்தவுடன் அது கர்க் கர்க்கென்று எழுப்பும் ஒலி, கன்னத்து முள்ளின் அடிப்பகுதி எலும்புக் குழியில் உராய்வதால் வருவது. முள்ளைப் போர்த்திய தோலில் நஞ்சு சுரப்பதால் குத்திய இடம் மணிக்கணக்கில் கடுக்கும். தேளி குத்தினால் கேட்கவே வேண்டாம், பெயரிலேயே தேள் இருக்கிறது. அந்த நஞ்சு சூட்டில் வீரியம் இழக்கும் இயல்புடையது என்பதால், தோல் வெந்துவிடாமல் பொறுக்கும் அளவு சூடான நீரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கையை அமிழ்த்தி வைப்பது மருத்துவர்களும் ஒப்பும் முதலுதவி. முள் முறிந்து உள்ளே தங்கினால் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். இதைத் தவிர்க்க, கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுப்புறமாகக் கீழிருந்து ஏந்தி, கன்னத்து முட்களுக்குப் பின்னால் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒட்டி நிற்கும்படி பிடிக்கவேண்டும். நனைந்த கை மீனுக்கும் நன்று. செதில் இல்லாத அந்த உடலுக்குக் கொழகொழப்பே கவசம், காய்ந்த உள்ளங்கை அதை வழித்துவிடும். தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு நாக்கைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தால், முள் வந்த வழியே வழுக்கி வெளியேறும். மீன் திரும்பவும் பாறைக்குள் போய்விடும். கரையில் அமர்ந்து பொழுதுபோகப் பிடிப்பவருக்கு மீனை இழப்பதால் நட்டமில்லை, நசுக்கிய முள்ளில் பிடிப்பதற்குச் சற்றுக் கூடுதல் கைத்திறன் வேண்டும் என்பது அவருக்குப் பெருமையும்கூட.

திருப்பி விடக்கூடாத மீன் ஒன்று உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று அறியப்படும், கன்னங்கரேலென்று தட்டைத் தலையோடு கை நீளத்துக்கு மேல் வளரும் மீனை வளர்க்க மத்திய அரசு 2000இலேயே தடைவிதித்தும், பண்ணைகளிலிருந்து அது நாட்டின் பல நீர்நிலைகளுக்குத் தப்பிவிட்டது. காற்றை மூச்சாக எடுக்கும், எதையும் தின்னும், உள்ளூர்க் கெளுத்தியையும் அதன் குஞ்சையும் சேர்த்தே தின்னும். இது அகப்பட்டால் இரக்கம் காட்டவேண்டியதில்லை. இதற்கு எதிர்முனையில் ஆற்றுவாளை இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழியும் நிலைக்கு ஆளாகக்கூடியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட வாளை ஒன்று மாசிக் கசத்தில் கிடைத்தால், அதைத் தோளில் போட்டு ஊருக்குக் கொண்டுவரும் ஆசை இயல்பானதே; ஆனால் அந்தக் கசத்தில் அதுபோல் இன்னொன்று இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

இடத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். பாபநாசத்துக்கு மேற்கே உள்ள மலைப்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே தூண்டில் போடுவது வனக்குற்றம். பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி தின்ன வரும் மீன்கள் எந்தச் சட்டமும் சொல்லாமலே பிடிக்கப்படாதவை, அப்படியே இருக்கட்டும். 1944 முதல் இயங்கும் பாபநாசம் நீர்மின் நிலையத்துக்கோ பாசனத்துக்கோ மேலே தண்ணீர் கூடுதலாகத் திறக்கப்பட்டால், வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். வற்றிய ஆற்றையே பார்த்துப் பழகிய கரிசல் காட்டாருக்கு மழையில்லாமல் நீர் ஏறுவது எதிர்பாராதது. நடு ஆற்றுப் பாறைக்குத் தாவிப் போனவர், தாவிய இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்து அது நனைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது உயிர் காக்கும் பழக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது தாமிரபரணியில் வந்த வெள்ளத்துக்குப் பின், முன்பு இடுப்பளவு இருந்த இடம் இப்போதும் இடுப்பளவுதான் என்று நம்பி யாரும் இறங்கவேண்டாம். நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலக்கும் வாய்க்கால் முகங்களில் கெளுத்தி மொய்க்கும் என்பது உண்மையே. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் 2024இல் நேரில் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு அந்தக் கழிவு பேசப்பட்டது. அங்கே பிடித்ததைக் குழம்பு வைக்கவேண்டுமா என்பதைச் சமைப்பவரிடம் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொள்வது நியாயம்.

ஆகவே ஒரு கோரிக்கை மட்டும் முன்வைக்கப்படுகிறது. ஒரு கசத்துக்கு ஒரு மாலை, ஓர் ஆளுக்கு ஒரு குழம்புக்கான மீன், அதுவும் கைவிரல் நீளத்துக்கு மேற்பட்டு, வயிறு புடைக்காததாகப் பார்த்து. அடுத்த வாரம் அதே பாறைக்குப் போகாமல் வேறு துறை. ஐந்தாறு கெளுத்தியை உப்புக்கல்லும் புளியும் போட்டு உரசிக் கொழகொழப்பை நீக்கி, விளாத்திகுளத்து முண்டு வத்தலை அரைத்துக் குழம்பு வைத்தால் ஒரு வீடு சோளச்சோற்றோடு இரண்டு வேளை உண்ணலாம். புறப்படும்போது அறுந்த தங்கூசி நரம்பைப் பாறையிடுக்கில் விட்டுவராமல் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவும். நீர்க்காகத்தின் காலிலும் நீர்நாயின் கழுத்திலும் சுற்றுவது அதுதான். மீதமான மண்புழுவை ஆற்றில் கொட்டவேண்டாம், கரையோர ஈரமண்ணில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

புதூர்,
மாசி.